ஒரே சாலையில் இரண்டு கோப்பைகள்

தியானப் பகுதி: ஆமோஸ் 6:1–7, 1 கொரிந்தியர் 11:17–22



பயணங்களில் கண்டறிந்த சிறந்த பீர்க்கூடங்கள் என்றொரு பட்டியல் நம் சபைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அண்மையில் வலம் வந்தது. பெங்களூரு இந்திராநகரில் ஒன்று, கோவாவில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று, ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒன்று, மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரை விடுதிகள் சில. ஒவ்வொரு கோப்பைக்கும் நிறம், மணம், நுரை, கசப்பு என்று தனித்தனியே மதிப்பெண் தரப்பட்டிருந்தது. எழுதியவர் யார் என்பது இங்கே பொருட்டன்று. அவரைச் சபை நடுவே நிறுத்துவதும் என் நோக்கமன்று. அதன் கீழே குவிந்த பாராட்டுகளே இவ்வாரம் என்னை இதை எழுத வைத்தன. பாராட்டியவர்களுள் குடும்பத் தலைவர்கள் இருந்தனர். ஆலயப் பணிகளில் முன் நிற்போரும் இருந்தனர். டாஸ்மாக் கடையின் வாசலில் சாய்ந்து கிடக்கும் கூலித் தொழிலாளியைக் குறித்து இவர்களே என்ன சொற்களைப் பயன்படுத்துவார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவன் "குடிகாரன்". பட்டியல் எழுதியவரோ "ரசனை உள்ளவர்".

பிரியமானவர்களே, இவ்விரு சொற்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றியே நான் வழக்காட விரும்புகிறேன். நம்முள் பலர் குடியைக் கண்டிப்பதாக எண்ணிக்கொண்டு ஏழ்மையைக் கண்டித்து வருகிறோம். இது வேதத்துக்கு முரணானது. இது நம் பிள்ளைகளையும் அழிக்கும்.

இந்தச் சாலை கண்டது

கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், கூவத்தூர், மரக்காணம் என்று கடலோரமாகவே சென்று புதுச்சேரியை அடைகிறது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். புதுச்சேரியிலோ 18 போதும். விலையும் அங்கே குறைவு. ஆகவே சனிக்கிழமை தோறும் வாலிபர் கூட்டம் தெற்கு நோக்கிப் பாய்வதும் ஞாயிறு மாலையில் வடக்கு நோக்கித் திரும்புவதும் வழக்கமாகிவிட்டது. அவர்களுள் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனையில் வெறுமையாகக் கிடக்கும் வாலிபர் இருக்கைகளே அதற்குச் சாட்சி.

இந்தக் கரைக்கும் மதுவுக்கும் உள்ள உறவு நேற்றைய உறவு அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் நூல். அதில் எயிற்பட்டினத்துப் பரதவர், வழிநடந்து வந்த வறிய பாணருக்குப் பழைய தேறலும் சுட்ட உலர்மீனும் அளித்து உபசரிக்கும் காட்சி உண்டு. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தோடு சேர்த்துக் காண்பர் ஆய்வாளர் பலர். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். விருந்தின் இன்பத்தையும் வெறியின் இழிவையும் தமிழர் ஒருசேர அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

அதே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்கு அப்பாலுள்ள சித்தாமூர்ப் பகுதியிலும் 2023 மே மாதத்தில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாராயம் என்று நம்பி வாங்கிக் குடித்தவர்களின் வயிற்றுக்குள் சென்றது மெத்தனால். தொழிற்சாலைகளுக்குரிய அந்தத் திரவம் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும்; இரத்தத்தை அமிலமாக்கும்; சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். இரு மாவட்டங்களிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீனவர்களும் கூலி வேலை செய்வோருமாகிய அவர்களுள் பெண்களும் இருந்தனர். ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே நஞ்சு அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று.

இறந்தோர் குடும்பத்துக்கு அரசு பத்து லட்ச ரூபாய் அறிவித்தபோது நாடெங்கும் எழுந்த கேள்வி ஒன்று நம் ஆலய வளாகத்திலும் எழுந்தது. "குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்பதே அது. அந்தப் பிணங்களுக்குப் பின்னால் நின்ற விதவைகள் எத்தனை பேர், பள்ளியை விட்டு வேலைக்குப் போக நேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்ட குரல்கள் மிகச் சில. மரக்காணத்தின் வழியாகப் புதுச்சேரிக்குப் போய், சில நூறு ரூபாய் கொடுத்து ஒரு கோப்பை பீர் அருந்திவிட்டுத் திரும்பும் வழியில், அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டு ஒரு கணம் தலைகுனிந்தவர் நம்முள் உண்டா? இரண்டு கோப்பைகளும் ஒரே சாலையில்தான் இருந்தன.

ரசனை என்னும் திரை

உடனே ஒரு மறுப்பு வரும். "ஐயா, அது கள்ளச்சாராயம், நஞ்சு. இது சட்டப்படி உரிமம் பெற்ற இடத்தில், தூய்மையாகத் தயாரிக்கப்பட்ட பீர். இரண்டையும் ஒப்பிடலாமா?"

அந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, அதன் இனிப்பை இறக்கி, ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைக்கும் முறையில் மனிதரின் நுண்ணறிவு இருக்கிறது. பெங்களூரில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாய்ட் போன்ற கூடங்கள் அம்முறையை மக்கள் கண்முன்னே செய்து காட்டியே புகழ் பெற்றன. கைத்திறனைப் பழிப்பது என் வேலையன்று. ஆனால் கைத்திறன் கோப்பைக்குள் இருக்கும் ஆல்கஹாலை மாற்றிவிடாது என்பதை மட்டும் கணக்கிட்டுக் காட்டுகிறேன், பொறுமையோடு படியுங்கள்.

ஆறு சதவீதம் ஆல்கஹால் உள்ள கிராஃப்ட் பீர் அரை லிட்டர் எடுத்துக்கொள்வோம். அதில் முப்பது மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் உண்டு. எடையில் ஏறத்தாழ 24 கிராம். டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தியின் செறிவு 42.8 சதவீதம். அறுபது மில்லிலிட்டரில், அதாவது ஒரு "லார்ஜ்" அளவில், ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால். நூற்றெண்பது மில்லிலிட்டர் கொண்ட ஒரு "குவார்ட்டர்" பாட்டிலில் ஏறத்தாழ 61 கிராம். கடல் காற்று வாங்கியபடி இத்தகைய பீரில் மூன்று கோப்பை அருந்தியவர் 71 கிராம் உட்கொண்டிருக்கிறார். கடை வாசலில் நின்று ஒரு குவார்ட்டரை முடித்த கொத்தனாரைவிட அவர் அதிகமாகக் குடித்தவர். கல்லீரலுக்கு இந்தக் கணக்கு தெரியும். கோப்பையின் வடிவமும் அறையின் விளக்கொளியும் அதற்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ஆம் ஆண்டிலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதிப் பொருள்களுள் சேர்த்தது. பீர், ஒயின், சாராயம் என்ற பேதம் அதில் இல்லை. பாதுகாப்பான அளவு என்று எதையும் வரையறுக்க இயலாது என 2023 ஜனவரியில் அதே நிறுவனம் அறிவித்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மதுவினால் உலகில் 26 லட்சம் பேர் இறந்ததாக அதன் அறிக்கை கூறுகிறது. "பீர்தானே" என்று நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்லப்படும் அந்த "தானே"வுக்கு மருத்துவத்தில் இடமில்லை.

குடி நோய் ஏழைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோருக்கு இன்னொன்றும் சொல்வேன். சென்னையின் பெருந்தொழில் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடி நோய்க்கு இளவயதிலேயே பலியானார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் தம் துயரத்தை மறைத்து வைக்கவில்லை. 1980ஆம் ஆண்டு கணவர் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கி, குடி நோயருக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையை உருவாக்கினார். பணமும் படிப்பும் பண்பாடும் இந்த நோய்க்கு வேலியாக நில்லா என்பதற்கு அந்தக் குடும்பமே சாட்சி. அந்த அம்மையார் செய்ததை நம் சபைகளில் எத்தனை குடும்பங்கள் செய்யத் துணிந்திருக்கின்றன? "அவருக்குச் சர்க்கரை வியாதி", "அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லியே நாம் காலத்தைக் கழித்துவிடுகிறோம்.

வேதத்தில் அனுமதி தேடுவோர்

"கானா ஊரில் ஆண்டவரே திராட்சரசம் உண்டாக்கினாரே?" என்பது அடுத்த கேள்வி. உண்டாக்கினார். அது வெறும் பழச்சாறு என்று நிறுவ நான் முயலப் போவதில்லை. மூல மொழியைப் படித்தவர் அப்படி எளிதில் சொல்லிவிட இயலாது. மனிதரின் இருதயத்தை மகிழ்விக்கும் தேவ ஈவுகளுள் ஒன்றாகத் திராட்சரசத்தை 104ஆம் சங்கீதம் எண்ணுகிறது. வயிற்று நோய்க்காகக் கொஞ்சம் அருந்தும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் அறிவுரை சொன்னார். மதுவைத் தொடுவதே பாவம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. நேர்மையாக இதை ஒப்புக்கொண்ட பிறகே மேலே பேச வேண்டும்.

அதே வேதம் வேறு பலவற்றையும் சொல்லுகிறது. கோப்பைக்குள் மதுவின் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்காதிருக்கும்படி நீதிமொழிகள் 23ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. முடிவில் அது பாம்பாகக் கடிக்கும் என்கிறது. ஏழையின் நியாயத்தை மறந்துபோகாதபடி ஆளுவோர் மதுவை விட்டு விலக வேண்டும் என்று 31ஆம் அதிகாரத்தில் ஒரு தாய் தன் மகனுக்குப் போதிக்கிறாள். தன் அயலானுக்குக் குடிக்கக் கொடுத்து அவனை வெறிகொள்ளச் செய்பவனுக்கு ஐயோ என்கிறான் ஆபகூக். கானாவை மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கு ஆபகூக்கின் அதிகார எண் கூட நினைவில் இல்லாதிருப்பது ஏன்?

மாமல்லபுரம் தன் பெயரைப் பெற்றது மாமல்லன் என்னும் முதலாம் நரசிம்மவர்மனிடமிருந்து. அவனுடைய தந்தையாகிய முதலாம் மகேந்திரவர்மன், மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகத்தைச் சமஸ்கிருதத்தில் எழுதியவன். காஞ்சியின் தெருவில் மதுவெறியில் தள்ளாடும் காபாலிகன் ஒருவன், மதுக்கடையை வேள்விச்சாலைக்கு ஒப்பிட்டு வியக்கிறான். அதே நாடகத்தில் ஒரு பிட்சு வருகிறான். நல்ல உணவையும் வசதியான உறைவிடத்தையும் அனுமதித்த புத்தர் மதுவையும் மங்கையரையும் அனுமதிக்காமல் இருந்திருப்பாரா, பொறாமை கொண்ட மூத்த பிட்சுக்கள் அந்தப் பகுதியை மறைத்திருக்க வேண்டும் என்று அவன் தனக்குள் எண்ணுகிறான். மன்னன் தன் காலத்துச் சமயத்தாரைக் கேலி செய்ய எழுதியது அது. ஆயினும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, நம் கிறிஸ்தவ வாலிபர் கூட்டங்களில் வேதத்தைப் புரட்டி அனுமதி தேடுவோரைக் காணும்போது, அந்தப் பிட்சு வேட்டியை மாற்றி ஜீன்ஸ் அணிந்து வந்து அமர்ந்திருப்பதாகவே தோன்றுகிறது.

"லூத்தர் பீர் அருந்தினாரே, துறவிகளே அதைத் தயாரித்தார்களே" என்று வரலாறு படித்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். லூத்தரின் மனைவி கத்தரீனா வீட்டிலேயே பீர் தயாரித்தார். பவேரியாவின் வைஹன்ஸ்டெபான் மடத்தின் பீர் ஆலை தன் தொடக்கத்தை 1040ஆம் ஆண்டுக்குக் கொண்டு செல்கிறது. பெல்ஜியத்தின் வெஸ்ட்ஃப்லேதரன் மடத்துத் துறவிகள் இன்றும் தங்கள் வாழ்க்கைக்குத் தேவையான அளவே தயாரிக்கிறார்கள். உலகம் முழுதும் கேட்டாலும் ஆலையைப் பெருக்க மறுக்கிறார்கள். ஆனால் லூத்தர் தம் நாட்டவரின் குடிவெறியைக் கண்டித்துப் பிரசங்கித்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். போதும் என்று நிறுத்திக்கொள்ளும் அந்தத் துறவிகளின் மனத்தையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். அவர்களுடைய கோப்பையை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, அவர்களுடைய ஜெபத்தையும் உழைப்பையும் அடக்கத்தையும் அங்கேயே விட்டு வருவது என்ன நியாயம்?

அதே திருச்சபை வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற மெதடிஸ்ட் 1869ஆம் ஆண்டு திராட்சைச் சாறு புளிக்காதபடி பதப்படுத்தும் வழியைக் கண்டார். திருவிருந்துப் பாத்திரத்துக்காகவே அவர் அதைச் செய்தார். குடியிலிருந்து மீண்ட ஒரு சகோதரன் ஆண்டவருடைய பந்தியில் விழுந்துபோகக் கூடாது என்ற கவலை அந்தக் காலத்துச் சபைகளுக்கு இருந்தது. அந்தக் கவலையில் நான் பவுலின் குரலைக் கேட்கிறேன். சகோதரன் இடறுவான் என்றால் இறைச்சியும் வேண்டாம், திராட்சரசமும் வேண்டாம் என்பதே ரோமர் 14ஆம் அதிகாரத்தில் அவருடைய தீர்மானம். எனக்கு உரிமை உண்டா என்பது அங்கே முதற்கேள்வி அன்று. என் உரிமையின் விலையை யார் கொடுக்கிறார் என்பதே முதற்கேள்வி.

கொரிந்துவின் பந்தியும் ஆமோசின் கோபமும்

கொரிந்து சபையின் பந்தியை நினைத்துப் பாருங்கள். வசதி உள்ளவர்கள் முன்னதாக வந்து உண்டார்கள், குடித்தார்கள். உழைத்துவிட்டுத் தாமதமாக வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். ஒருவன் வெறித்திருக்க மற்றவன் பசித்திருந்தான். இதைக் கண்ட பவுல், இது கர்த்தருடைய பந்தியே அன்று என்று மறுத்தார். ஒன்றுமில்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்பதே அவர் வைத்த குற்றச்சாட்டு. மதுவின் அளவைக் காட்டிலும் அந்த அவமதிப்பே அவரை அதிகம் வருத்தியது.

ஆமோஸ் இன்னும் கடுமையாகப் பேசுகிறான். தந்தக் கட்டில்களில் சாய்ந்து, மந்தையின் கொழுத்த குட்டிகளைத் தின்று, தாவீதைப் போல இசைக்கருவிகளை உண்டாக்கிக்கொண்டு, பெரிய பாத்திரங்களில் மதுவைக் குடித்தவர்களை அவன் கண்டான். அவர்கள் மீது சாட்டப்பட்ட குற்றத்தின் உச்சம் எது? யோசேப்பின் சேதத்துக்காக அவர்கள் துக்கப்படவில்லை என்பதே. தரமான மதுவும் நல்ல இசையும் தேர்ந்த ரசனையும் அவர்களிடம் இருந்தன. பக்கத்தில் நொறுங்கிக் கிடந்த சகோதரனைக் காணும் கண் மட்டும் இல்லை. சிறைப்பட்டுப் போவோரின் வரிசையில் அவர்களே முதலாவதாகச் செல்வார்கள் என்று தீர்ப்பு எழுதப்பட்டது.

செங்கல்பட்டின் சபையாராகிய நமக்கு யோசேப்பின் சேதம் எங்கே இருக்கிறது? சித்தாமூரில் இருக்கிறது. எக்கியார்குப்பத்தில் இருக்கிறது. சம்பள நாள் மாலையில் கணவன் வீடு திரும்பும் வரை வாசலில் நின்று, பையில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பெண்ணிடத்தில் இருக்கிறது. அவள் நம் ஆலயத்தின் பின்வரிசையில் அமர்கிறாள். முன்வரிசையில் அமர்ந்தவரின் வார இறுதிப் படங்களை அவளும் தன் கைபேசியில் பார்க்கிறாள். அவளுடைய கணவனைத் திருத்தும்படி நம்மிடம் வந்து அவள் ஜெபிக்கக் கேட்கும்போது, எந்த முகத்தோடு நாம் அவள் தலைமேல் கை வைப்போம்?

வருவாய் என்னும் சாக்கு

"அரசே விற்கிறது, நம்மால் என்ன செய்ய இயலும்?" என்போரும் உண்டு. அரசு விற்பது உண்மை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. 2023–24இல் மதுவினால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். ஆனால் இதே மாநிலத்தில் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியை உண்டாக்கினார். அவருடைய அரசியலில் எல்லாவற்றையும் ஏற்க வேண்டுவதில்லை. மது இல்லாமல் கருவூலம் இயங்காது என்ற வாதத்துக்கு அவர் தந்த விடை மட்டும் இன்றும் நிற்கிறது. கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகாதா என்ற கேள்வியும் நியாயமானதே. அதற்குரிய விடை கண்காணிப்பிலும் சிகிச்சையிலும் வாழ்வாதாரத்திலும் இருக்கிறது. கைகட்டி நிற்பதில் இல்லை.

மக்கள் எழுந்து நின்றபோதெல்லாம் அரசு அசைந்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகள் 2017 ஏப்ரலில் அகற்றப்பட்டு ஊர்களுக்குள் நுழைந்தபோது, எத்தனையோ கிராமத்துப் பெண்கள் வீதிக்கு வந்து அவற்றைத் தடுத்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி 2015 ஜூலை 31 அன்று கைபேசிக் கோபுரத்தின் மீதேறிப் போராடி உயிர் விட்ட காந்தியவாதி சசிபெருமாள் நம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் அல்லர். யோசேப்பின் சேதத்துக்காகத் துக்கப்பட்டவர் அவர்.

"எல்லாரும் குடிக்கிறார்களே" என்பதும் பொய். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டு ஆண்களில் மது அருந்துவோர் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. குடிக்காதவரே இந்நாட்டில் பெரும்பான்மையினர். பப்பில் அமர்ந்து ஊரை எண்ணினால் கணக்கு தவறத்தான் செய்யும்.

நம்மிடம் கேட்கப்படுவது

முதலாவது, நம் திருமணங்கள். 2023 மார்ச்சில் திருமண மண்டபங்களிலும் மது பரிமாறச் சிறப்பு உரிமம் தர அரசு விதி வகுத்தது. எதிர்ப்பு கிளம்பவே, ஏப்ரலில் திருமண மண்டபங்களை அந்த விதியிலிருந்து நீக்கிற்று. உலகத்தார் வெட்கப்பட்டு விலக்கிய ஒன்றை நாம் கடற்கரை விடுதியின் புல்வெளியில் "நண்பர்களுக்கான விருந்து" என்ற பெயரில் நடத்துகிறோம். காலையில் பலிபீடத்தின் முன் ஆசீர்வாதம், மாலையில் கோப்பைகளின் வரிசை. பிள்ளைகளின் திருமணத்துக்கு நாள் குறிக்க வரும் பெற்றோரே, இந்தக் கேள்வியை உங்களிடம் நான் நேரில் கேட்பேன். இப்போதே விடையை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம் நாவு. கூலித் தொழிலாளியைக் குடிகாரன் என்று அழைக்கும் நாவு, தன் வீட்டுப் பட்டதாரியையும் அதே பெயரால் அழைக்கட்டும். அதற்கு மனம் வராவிட்டால் இருவரையும் அப்படி அழைக்காமல் இருக்கட்டும். இருவரையும் சகோதரன் என்று அழைப்பதே கிறிஸ்துவின் வழி.

மூன்றாவது, நம் வாலிபர்கள். பிரியமான தம்பி, தங்கைகளே, பயணம் செய்யுங்கள், உலகைப் பாருங்கள். நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வாகனம் ஓட்டினால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சட்டம் கேட்பது அவ்வளவே. அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கும் மீன்கூடைக்காரப் பெண்ணின் உயிரைக் கர்த்தர் உங்கள் கையில் கேட்பார்.

நான்காவது, நம் ஆலயக் கதவு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியிலிருந்து மீள விரும்பிய இருவரின் சந்திப்பில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் இன்று உலகெங்கும் ஆலயக் கூடங்களில் கூடுகிறது. வாரத்தில் ஒரு மாலை நம் கூடத்தை அத்தகைய கூட்டத்துக்குத் திறந்து வைக்கும்படி சபைக் குழுவின் முன் கோரிக்கை வைக்கிறேன். அங்கே பெயரும் கேட்க வேண்டாம். சாதியும் சமயமும் கேட்க வேண்டாம். உடனடி உதவி வேண்டுவோர் 14446 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். போதகர் இல்லத்துக்கு இரவில் வந்தாலும் கதவு திறக்கும்.

ஐந்தாவது, நம் ஊர். கிராம சபைக் கூட்டங்களில் நம் சபையார் எழுந்து பேச வேண்டும். பள்ளிக்கும் வழிபாட்டிடத்துக்கும் அருகிலுள்ள கடைகளைக் குறித்தும், கள்ளச்சாராயம் விற்கும் இடங்களைக் குறித்தும் அங்கே சொல்லத் துணியாதவர்கள், அடுத்த சித்தாமூரின் போது முகநூலில் கண்ணீர் வடிக்கும் உரிமையை இழந்தவர்கள்.

இவ்வாரம் ஆமோஸ் ஆறாம் அதிகாரத்தைக் குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும், நம் தெருவில் குடியினால் நொறுங்கிய ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பிறகு அந்த வீட்டின் கதவைத் தட்டுங்கள்.

ஜெபம்: நீதியுள்ள ஆண்டவரே, எங்கள் கோப்பையைப் பார்க்கும் முன் எங்கள் கண்களைப் பாரும். சேதமடைந்த சகோதரனைக் காணாத கண்களைத் திறந்தருளும். கட்டுண்டிருக்கிறவர்களை, குடிசையில் இருந்தாலும் மாளிகையில் இருந்தாலும், விடுதலையாக்கும். விதவைகளையும் பிள்ளைகளையும் தாங்கும். எங்கள் பந்தியை உம்முடைய பந்தியாக்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம் பிதாவே. ஆமென்.